தலையில்லாத லாக் பின்

டீச்சரின் பழைய காருக்கு நாலு கதவுக்கும், உள்ளேயிருந்து அழுத்தினால் பூட்டி, இழுத்தால் திறக்கிற லாக் பின்னைப் பித்தளையில் கடைந்து கொடுத்திருந்தார் லேத்காரர். விரல் வழுக்காமலிருக்கத் தலையில் சொரசொரப்பாகக் கோடு வெட்டியிருந்தார். அவர் கை வைத்தால் ஆயுசுக்கும் தேயாது என்று பேர். ஒரே மாதத்தில் வண்டி திரும்ப வந்து நின்றது.

டிரைவர் பக்கத்து லாக் பின் லேசாகப் பளபளத்தது. கைபடாத இரண்டு கறுத்திருந்தன. பின்சீட்டின் இடப்பக்கத்தில் இருந்தது மட்டும் கோடெல்லாம் தேய்ந்து மழமழவென்றிருந்தது.

“பின்னாடி யார் உட்கார்றா டீச்சர்?”

“யாருமில்லண்ணே, நான் ஒண்டிக்கட்டை. அழுத்திட்டுத்தான் கிளம்புறேன், பாதி வழியில பார்த்தா அது மட்டும் தூக்கியிருக்கு. அதுக்குத் தலையே வேணாம். உள்ளேயிருந்து இழுக்க முடியாதபடி பண்ணிக் கொடுங்க.”

அவருக்கா தெரியாது? தலையில்லாமல் கடைந்து, அழுத்தினால் துளைக்குள்ளேயே அமுங்கிப்போகும்படி மாட்டினார். நகம்கூடப் பிடிக்காது.

“இனிமே அதை எவனாலும் தூக்க முடியாது,” என்று அழுத்திக் காட்டிச் சிரித்தார். டீச்சரும் நிம்மதியாகச் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.

கையைத் துடைக்கும்போதுதான் லேத்காரருக்கு உறைத்தது. உள்ளே வர நினைக்கிறவர்கள் அதைத் தொடுவதில்லை. இறங்க நினைக்கிறவர்கள்தான் இழுப்பார்கள்.

வெளியே ஓடினார். தெருவில் ஏறுவதற்காக வண்டி வாசலிலேயே நின்றிருந்தது. ஒன்றை அழுத்தினால் இன்னொன்று இறங்காத பழைய வண்டி அது. டீச்சரின் இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் இருந்தன.

மற்ற மூன்று லாக் பின்களும் ஒவ்வொன்றாக இறங்கின.