பின்னால் நின்ற கோசோங்

கயிறு பதில் சொல்லவில்லை.

திருச்செல்வம் இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். மேலிருந்து இழுத்தால் தொட்டிக்குள் இருப்பவன் பதிலுக்கு இழுக்க வேண்டும். கீழே வெறும் கனம்தான் இருந்தது.

உள்ளே இறங்கியிருந்தவன் காளிதாஸ், அவருடைய கூடப்பிறந்த தம்பி. மலேசியாவின் பாசிர் கூடாங்கில் இருக்கும் இந்த ஆலையில் அவனைச் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.



ரசாயனத் தொட்டியைக் கழுவ ஆள் இறங்குமுன் நச்சுவாயுவை அளக்க வேண்டும். 0.10-ஐத் தாண்டினால் ஈ காக்கைகூட உள்ளே போகக்கூடாது. பேச்சில் அதற்குப் 'பத்து' என்று பெயர்.

அங்கே யாரும் எண்ணை முழுசாகச் சொல்வதில்லை. மலாயில் கோசோங் என்றால் பூஜ்யம். காலி என்றும் பொருள். காலியாகக் கிடப்பதை வாக்கி டாக்கியில் முக்கி முக்கிச் சொல்வானேன்? காலை ஷிஃப்ட்காரன் 0.08 பார்த்து 'எட்டு' என்றான். ஆட்கள் இறங்கினார்கள், சுகமாக ஏறி வந்தார்கள்.

மத்தியானம் திருச்செல்வம் அளந்தார். 'ரெண்டு' என்றார்.

காளிதாஸ் சிரித்துக்கொண்டே இடுப்பில் கயிற்றை மாட்டினான். "எட்டுக்கே ஒன்னும் ஆகல லா, அண்ணே. ரெண்டுக்கு என்ன?"

அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இப்போது மீட்டரைத் திருப்பிப் பார்த்தார். மத்தியானம் அளந்தபோது அவர் திரையில் நிறுத்திவைத்த எண் அப்படியே நின்றது.

0.20.

இருபது என்று வந்திருக்க வேண்டிய சொல். காலைக்காரன் விழுங்கியது முன்னால் நின்ற கோசோங்கை. பழக்கதோஷத்தில் இவர் வாய் பின்னால் நின்றதை விழுங்கிவிட்டது. புள்ளியை ஒட்டி நின்ற அந்தக் கோசோங்தான் எட்டைச் சின்னதாக்கி வைத்திருந்தது. இவருடைய இரண்டுக்கு முன்னால் அப்படி எதுவும் இல்லை. எட்டைப்போல் இரண்டரை மடங்கு வாயுவுக்குள் தம்பியை இறக்கிவிட்டிருக்கிறார்.

பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்கு. 

தொட்டியின் வாயில் காவல் நிற்பவன் உள்ளே குதிக்கக்கூடாது. குதித்தவர்களும் பிணமாகத்தான் வெளியே வந்திருக்கிறார்கள். அவர் வாக்கி டாக்கியில் மேற்பார்வையாளர் லெட்சுமணனைக் கூப்பிட்டு, தம்பி அசையவில்லை என்றார். அந்த ஆலையில் முதல்முறையாக எண்ணை முழுசாகச் சொன்னார். கோசோங் புள்ளி ரெண்டு கோசோங்.

 சைரன் அலறியது. முதுகில் காற்று உருளை கட்டிய ஆட்கள் தூரத்தில் ஓடி வந்தார்கள்.

"அண்ணே, அது தம்பி எறங்குறதுக்கு முன்னாடி எடுத்த ரீடிங்கா? இப்ப எடுத்ததா?" என்று வாக்கி டாக்கியில் கேட்டான் லெட்சுமணன்.

ஒரு கை கயிற்றை விடவில்லை. மறு கையால் திருச்செல்வம் மீட்டரில் இருந்த எண்ணை அழித்தார்.

"இப்ப எடுத்தது," என்றார்.