செம்பிக்கு மட்டும் வெளிச்சம்

வௌவால்களின் பள்ளிக்கூடம் இருட்டுக் குகைக்குள் நடந்தது. வாத்தியாரை யாரும் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம். பேர் கூப்பிட்டால் "உள்ளேன் ஐயா" என்பார்கள். ஆள் குறைந்தால், "படிப்பு வராமல் ஓடிட்டான்" என்பார் வாத்தியார்.

காது கிழிந்த செம்பிக்கு எதிரொலி பிடிபடாது. மேலிடம் வரை நடையாய் நடந்து, பரீட்சைக்கு மட்டும் ஒரு மின்மினிக்கு அனுமதி வாங்கினாள்.

"இவளுக்கு மட்டும் சலுகையா?" என்று முணுமுணுத்த வகுப்பு, கண் கூசுமென்று இமைகளை இறுக மூடிக்கொண்டது.

மின்மினி ஒளிர்ந்தது. வாத்தியாரின் பாறையில் வயிறு புடைத்த மலைப்பாம்பு சுருண்டு கிடந்தது.

"ஐயோ, பாம்பு! ஓடுங்க!" என்று அலறினாள் செம்பி.

"பார்த்தீங்களா பிள்ளைகளா," என்றது அந்தப் பழகிய குரல், சாந்தமாக. "உங்களையும் எழுத விடமாட்டேங்கிறா."

"ஆமாம் ஐயா," என்றது கண்மூடிய வகுப்பு. "முதல்ல அந்த வெளிச்சத்தை அணைங்க!"