முழு முட்டை

உடம்பை ஏற்றும் ஊசி கேட்டு வருகிறவர்கள் முதலில் எல்லைக் கண்ணாடி முன் நிற்க வேண்டும் என்பது ஜிம்மின் விதி. மருந்தே இல்லாமல் ஓர் உடம்பு அதிகபட்சம் எவ்வளவு வளருமோ, அந்த உருவத்தை அது காட்டும்.

ரீகன் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றான். இன்னும் எவ்வளவு பாக்கியோ என்று நிமிர்ந்து பார்த்தான். கண்ணாடியில் அவனேதான் தெரிந்தான். அதே தோள், அதே நெஞ்சு.

"மாஸ்டர், இது வேல செய்யல."

மாஸ்டர் எட்டிப் பார்த்தார். "நல்லாத்தாம்ல வேல செய்யுது. நீ அங்க போய்ச் சேந்துட்ட. ஒன் ஒடம்பு இவ்வளவுதான். இதுக்கு மேல வேணும்னா ஊசிதான். போடவா?"

உடம்பு ஏறவில்லையே என்று மூன்று வருடமாகத் தன்னைத்தானே சோம்பேறி என்று திட்டிக்கொண்டிருந்தவனுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

"வேண்டாம் மாஸ்டர். இது போதும்."

வீட்டில் அவன் மனைவி ஜெனிட்டா வழக்கம்போல் முட்டைகளை உடைத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். வெள்ளைக்கரு அவனுக்கு, மிஞ்சும் மஞ்சள்கரு அவளுக்கு.

"பிரிக்காத. இனி எனக்கும் முழு முட்டையாவே ஆம்லெட் போடு."

ஜெனிட்டா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"மாதாவே! அப்போ இந்த மஞ்சக்கருவ இனிமே நான் திங்க வேண்டாமா?"