வண்டிலுக்குள் ஒரு கால் டொலர்

“பேனாட் அண்ணை என்னை ஏமாத்திப் போட்டாரப்பா” என்று வனஜா வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டாள்.

ஜெர்மனியில், பீலெஃபெல்ட் நகரத்துக் கடை வாசலில் தள்ளுவண்டில் எடுக்க அதன் பூட்டுக்குள் அம்பது சென்ற் போட வேண்டும்; வண்டிலைத் திரும்ப விட்டால் காசு வெளியே வரும். சாமான் வாங்கி முடித்தவர் வண்டிலை அப்படியே அடுத்த ஆளிடம் விட்டு, காசைக் கையில் வாங்கிக்கொண்டு போவதும் உண்டு. தமிழ்ப் பள்ளிப் பொருளாளர் பேனாட் அண்ணையும் சனிக்கிழமை அப்படித்தான் தந்தார்.

“இந்தாங்கோ பிள்ளை, குழந்தையோடை மினைக்கெடாதேங்கோ.”

வண்டிலைத் திரும்ப விட்டபோது வெளியே வந்தது அம்பது சென்ற் அல்ல. அமெரிக்கக் காசு.

புருசன் நிசாந் கோபத்தில் துள்ளிக் குதித்தான். “கால் டொலர்! வங்கியிலையும் மாத்த ஏலாது. இந்த ஆளிட்டையோ பள்ளிக்கூடக் காசு இருக்குது? வெள்ளிக்கிழமை ஆண்டுக் கூட்டத்திலை கிழிக்கிறன் பாரும்.”

“அம்பது சென்ற் தானேப்பா...”

“அம்பது சென்றிலை கை வைக்கிறவர் அஞ்சூறிலை வைக்கமாட்டாரோ?”

சபையில் பேசுவதை நினைத்தாலே வனஜாவுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நிசாந் ஹோட்டல் அறை துப்பரவாக்கும் வேலைக்குப் போன பிறகு, குழந்தை அந்தக் காசைக் குசினி நிலத்தில் போட்டது. ‘ணீங்’ என்று கொலுசு மாதிரி ஒரு சத்தம். வனஜா ஓர் அம்பது சென்றைப் போட்டுப் பார்த்தாள். ‘டொக்.’

திரும்பவும் போட்டாள். ‘ணீங்.’

அதற்கு மேல் இருக்க முடியவில்லை. குழந்தையையும் தூக்கிக்கொண்டு, ஸ்டேசனடியில் பழைய காசு வாங்கும் ஜெர்மன்காரரிடம் போனாள். அவர் மேசை லாச்சியை இழுத்து இன்னொரு கால் டொலரை எடுத்து இரண்டின் விளிம்பையும் காட்டினார்.

“இது புதுசு. நடுவில் செம்புக் கோடு தெரிகிறதா? உங்களுடையதில் இல்லை. அறுபத்து நாலாம் ஆண்டுக் காசு. நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளி. அடுத்த வருசக் காசிலிருந்து வெள்ளியை விட்டுவிட்டார்கள்.”

“எவ்வளவு பெறும்?”

“உருக்கினாலே இரண்டு யூரோ.”

அப்படியென்றால் ஏமாந்தது பேனாட் அண்ணை!

நிசாந்திடம் சொன்னாள். அவன் மசியவில்லை. “வெள்ளியோ பித்தளையோ, அது அந்தாளுக்குத் தெரியாது தானே? செல்லாத காசெண்டு நினைச்சுத்தானே உம்மடை தலையிலை கட்டினவர்? எண்ணம் கள்ளம்!”

வெள்ளிக்கிழமை நிசாந் மண்டபத்துக்குள் போய் முன் வரிசையில் இருந்தான். வாசலில் பேனாட் அண்ணை கதிரை அடுக்கிக்கொண்டு நின்றார். வனஜா காசை நீட்டினாள்.

“அண்ணை, இது வெள்ளி. தெரியாமல் தந்திட்டியள். பிடியுங்கோ.”

“வெள்ளியெண்டு தெரியும், பிள்ளை. நீங்களே வைச்சிருங்கோ.”

“ஐயோ, உங்கடை காசு...”

“என்ரை இல்லை.” அவர் குரலைத் தாழ்த்தினார். “உங்கடை வீட்டுக் காசு. அதுதான் உங்கடை வீட்டுக்கே விட்டனான். இதுக்கு மேலை கேளாதேங்கோ.”

வனஜா காசைப் புரட்டிப் பார்த்தாள். வங்கியில் மாற்ற ஏலாதென்று நிசாந்துக்கு எப்படித் தெரியும்? ஹோட்டல் அறையில் அமெரிக்கர்கள் விட்டுப்போகும் சில்லறை... அதற்கு முதல் சனி பேனாட் அண்ணையிடம் வண்டிலை விட்டு அம்பது சென்ற் வாங்கியது ஆர்?

உள்ளே நிசாந் எழும்பிவிட்டான். “கூட்டம் தொடங்க முதல் பொருளாளரைப் பற்றி ஒரு கதை! வனஜா, அந்தக் காசைக் கொண்டாரும்.”

நாற்பது முகங்கள் திரும்பின. வனஜா குழந்தையை இறுக்கிக்கொண்டு நடந்தாள். காசை அவன் உள்ளங்கையில் வைத்து, காதோடு சொன்னாள்:

“நீங்கள் அதுக்கு முதல் சனி வண்டிலோடை பேனாட் அண்ணையிட்டைத் தள்ளிவிட்ட காசுதானே இது? வெள்ளியெண்டு கண்டு, உங்களுக்கு வெக்கமாப் போகுமெண்டு என்ரை கையிலை திருப்பித் தந்திருக்கிறார்.”

நிசாந்தின் காது மடல் சிவந்தது.

“என்ன தம்பி, ஏதோ சொல்ல வந்தீங்கள்?” கதிரையோடு உள்ளே வந்த பேனாட் அண்ணை கேட்டார்.

“ஒண்டுமில்லை அண்ணை... இந்த வருசமும் பொருளாளரா நீங்களே இருக்கோணும். அதைத்தான் சொல்ல வந்தனான்.”