நாற்காலியில் ஒரு சட்டை

"காமிராவ ஆன் பண்ணுங்கப்பா, சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு" என்று பேராசிரியை எஸ்தர் கெஞ்சிய பிறகு, ஆன்லைன் வகுப்பில் ஒரே ஒரு கட்டம் மட்டும் வெளிச்சமானது. அது முகிலரசனின் கட்டம். ஆனால் அதில் அவன் இல்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் அதன் முதுகில் மாட்டிய நீலச் சட்டையும்தான் இருந்தன. வருகைப் பதிவுக்காக இணைப்பைப் போட்டுவிட்டு எங்கோ போயிருந்தான். முதல் நாள் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மற்ற கட்டங்களிலோ பெயரும் இருட்டும் தவிர வேறொன்றும் இல்லை. போகப் போக அவள் அந்தச் சட்டையைப் பார்த்தே பொருளாதாரம் நடத்தத் தொடங்கினாள். மின்விசிறிக் காற்றில் அதன் கை அசைந்தால், புரிந்துவிட்டது என்று அடுத்த பகுதிக்குப் போவாள். அசையாவிட்டால் இன்னொரு தடவை சொல்வாள். இதை அவள் கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

செமஸ்டரின் கடைசி வகுப்பில் சட்டை நழுவித் தரையில் விழுந்தது.

"ஐயோ, விழுந்துட்டியேப்பா!" என்று எஸ்தர் தன்னை மறந்து கத்திவிட்டாள்.

"யாரு மேம் விழுந்தாங்க?"

ஒரு பெண்ணின் குரல். இத்தனை மாதங்களில் ஒருமுறைகூடக் கேட்டிராத குரல். எந்தக் கட்டம் என்று தேடுவதற்குள் மைக் அணைந்துவிட்டது.

"யாரும்மா அது?"

எஸ்தர் இருட்டில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். வகுப்பு முடியச் சில நிமிடங்களே இருந்தன. காலி நாற்காலியிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"முதல் பாடத்துலேர்ந்து சொல்றேன்மா" என்றாள்.