கவுன்சிலரைப் பிடித்தால் சீட்டு

முதலில் பலாப்பழத்தைத்தான் கவுன்சிலர் வீட்டுக்குள்ளே அனுப்பினார் பச்சமுத்து. காடாம்புலியூரில் மச்சான் தோப்பில் பறித்த பழம், பதினாலு கிலோ. பழம் உள்ளே போன ஐந்தாவது நிமிடம் அவருக்கும் அழைப்பு வந்தது.

மகள் தீபிகா காலேஜில் சர்டிபிகேட் கொடுக்க நேற்றே சிதம்பரம் அத்தை வீட்டுக்குப் போய்விட்டாள். கிளம்பும்போது, "நர்சிங் சீட்டு கெடைக்கணும்னா நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள நீங்க கவுன்சிலரப் பாத்தே ஆகணும்ப்பா" என்று மூன்று தடவை சொன்னாள். மேற்கொண்டு விவரம் சொல்ல ஆரம்பித்தவளைப் பச்சமுத்து கையமர்த்திவிட்டார். சிப்காட்டில் இருபது வருஷம் குப்பை கொட்டியவருக்கு, யாரை எப்படிப் பார்ப்பது என்று பதினேழு வயசுப் பிள்ளை பாடம் நடத்துவதா?

கவுன்சிலர் உத்திராபதி சோபாவைக் காட்டினார். "உக்காருங்க. என்ன விஷயம்?"

"சீட்டு விஷயமாங்க. எம் பொண்ணுக்கு."

"எல்லாரும் அதுக்குத்தான் வர்றாங்க. இந்தத் தடவ போட்டி ஜாஸ்தி. ஆனா பொண்ணுங்கறதால பரவால்ல. பாதி எடம் பொம்பளைங்களுக்கே போயிடுது, எங்கள மாதிரி ஆம்பளைங்க பாடுதான் திண்டாட்டம்."

பச்சமுத்துவுக்குப் பெருமை தாங்கவில்லை. பெண்ணைப் பெற்றதற்காக ஒருவர் அவருக்குச் சலுகை காட்டுவது இதுதான் முதல் முறை.

"நீங்க என்ன ஆளுங்க?"

"எம்பிசிங்க. சர்டிபிகேட் பக்காவா இருக்கு."

"அது கெடக்கட்டும். சொந்தபந்தம் எத்தன வீடு தேறும்?"

"நூத்தம்பது வீடு தேறுங்க." குடும்பப் பின்னணியை இவ்வளவு அக்கறையாக விசாரிக்கும் கவுன்சிலர் யாருக்குக் கிடைப்பார்!

"பிளஸ் டூவுல ஐநூத்தி நாப்பது மார்க்குங்க" என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார்.

"இதுக்கு எதுக்கு அவ்ளோ படிப்பு? ராத்திரி பகல் பாக்காம ஜனங்களுக்காக ஓடணும். யாரு என்ன பேசினாலும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கக் கூடாது. அவ்ளோதான்."

நர்ஸ் வேலையை இதைவிட அழகாக யாரும் சொல்லிவிட முடியாது. பச்சமுத்து உருகிப்போனார்.

சட்டைப்பையில் போன் அடித்தது. தீபிகா. துண்டித்தார். மறுபடி அடித்தது, மறுபடியும் துண்டித்தார். பெரிய மனுஷர் முன்னால் போன் பேசுவது என்ன பழக்கம்? அதற்குள் பலாச்சுளை தட்டில் வந்துவிட்டது, பச்சமுத்துவும் 'மாமா' ஆகிவிட்டார். பழக இப்படி ஒரு மனிதரா!

"கவலய வுடுங்க மாமா. சீட்டு உங்க பொண்ணுக்குத்தான். மேல பேசி முடிக்கறது எம் பொறுப்பு."

பச்சமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷம் மூட்டை தூக்கியதெல்லாம் இந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

மூன்றாவது முறையாகப் போன் அடித்தது. மணி நாலே முக்கால். இப்போது எடுக்கலாம், தப்பில்லை.

"கெடச்சிடுச்சும்மா! கவுன்சிலர் வாக்கு குடுத்துட்டாரு!"

"அப்பா, எங்க இருக்கீங்க? அட்மிஷன் கவுன்சிலர் மேடம் இங்க காலேஜ்ல உங்க கையெழுத்துக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க. அஞ்சு மணியாச்சுன்னா சீட்ட அடுத்தவங்களுக்குக் குடுத்துடுவாங்களாம்ப்பா!"

மேடமா? பச்சமுத்து எதிரே இருந்த மீசையைப் பார்த்தார். கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு பஸ்சில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

உத்திராபதி கடைசிச் சுளையை விழுங்கிவிட்டு எழுந்தார்.

"வார்டு எலெக்‌ஷன் போஸ்டருக்குப் பொண்ணு போட்டோ ஒண்ணு குடுங்க மாமா!"