கிருமி கொடுத்தவள்

"அந்தச் சின்னவளை உள்ளே விடாதே! ஆராய்ச்சி பண்றேன் பேர்வழின்னு லேப்ல இருக்கிற கிருமியைக் கொண்டாந்து என் கால்ல ஒட்ட வச்சுட்டா!"

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அப்பா கத்தினார். காலில் பெரிய கட்டு. எந்த மருந்துக்கும் புண் ஆறவில்லை.

பெரியவளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பின்னே? அப்பாவுக்குச் சமைத்துப் போட்டு, துணி துவைத்து, அவர் இருமினால் ஓடி வருவது இவள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவர் பீற்றிக்கொள்வது மட்டும் சின்னவளை. 'என் பொண்ணு பெரிய ஆஸ்பத்திரியில கிருமி ஆராய்ச்சி பண்றா!' பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு பொண்ணு கண்ணில் படவே மாட்டாள்.

"அவகிட்டேருந்து வந்ததுன்னு யாருப்பா சொன்னது?"

"அவளேதான்! காலையில வந்து, 'என்னாலதான்ப்பா, மன்னிச்சுடுங்க'ன்னா. நல்லவேளை, எனக்கு நீ இருக்கே."

இந்த ஒரு வார்த்தைக்குத்தானே இத்தனை வருஷம் ஏங்கினாள்!

வராந்தாவில் சின்னவள் சுவரோரம் நின்றிருந்தாள்.

"படிச்சுக் கிழிச்சது போதும்டி. அப்பாவுக்குக் கால் போச்சுன்னா நீயா சுமப்பே?"

அந்தப் பக்கம் வந்த டாக்டரைப் பெரியவள் மறித்தாள்.

"இவ கொண்டாந்த கிருமிக்கு மருந்து இருக்கா இல்லையா, டாக்டர்?"

"இவங்க கொண்டாந்ததா? யாரும்மா சொன்னது? சளி, இருமல்னு யாரோ மிச்சம் மீதி ஆன்டிபயாடிக்கைக் கொடுத்துக் கொடுத்துப் பாதியில நிறுத்தியிருக்காங்க. குடல்ல சும்மா கிடந்த கிருமிங்க அதைத் தாங்கப் பழகிடுச்சு."

"புண்ணு கால்லதானே இருக்கு?"

"கிருமிங்க மனுஷங்க மாதிரி இல்லம்மா. மருந்தை எதிர்க்கிற மரபணு ஒண்ணுகிட்ட இருந்தா, நகல் எடுத்து வேற இனத்துக்கும் கொடுத்துடும். அப்படி வாங்கிக்கிட்ட கிருமிதான் கால்ல உட்கார்ந்திருக்கு. அதுக்கு எந்த மருந்து கேட்கும்னு கண்டுபிடிச்சதே உங்க தங்கச்சிதான். நேத்து ஆரம்பிச்சோம், காய்ச்சல் இறங்கிடுச்சு. கால் தப்பிச்சுடும்."

டாக்டர் போய்விட்டார். பெரியவள் தங்கையின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா ஒவ்வொரு தடவையும் 'சின்னவளைக் கேட்டுட்டு மாத்திரை கொடு'ன்னுதான் சொல்வார். உன்னைக் கேட்கப் பிடிக்காமதான் நானே..."

"தெரியும்க்கா. விடு."

"தெரிஞ்சுமா பழியை நீ வாங்கிக்கிட்டே?"

"என்மேல கோபம்னா அப்பா என் மூஞ்சியில முழிக்க மாட்டார், அவ்வளவுதான். உன்மேல கோபம்னா உன் கையால தண்ணிகூட வாங்கிக் குடிக்க மாட்டாரே. அவரைப் பார்த்துக்க வேற யாருக்கா இருக்கா?"

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. "பெரியவளே! நீ மட்டும் வாம்மா!"

பெரியவள் உள்ளே போனாள், தங்கையின் கையை விடாமல் பிடித்து இழுத்துக்கொண்டு.

"அப்பா, அந்தக் கிருமியை உங்களுக்குக் கொடுத்தது நான்தாம்ப்பா."